கெஸ்ட்ரலுக்குள் வந்த தண்ணீர்

ஹார்வி காணாமல் போன நாலாவது வருஷத்திலும், ஆப்பிள் கொட்டகைக்கு வேலைக்குப் போகுமுன் வெர்னா பெண்டல் தோணியை வலித்துக்கொண்டு போய், கெஸ்ட்ரலில் ஏறி, உள்ளே ஊறிக் கிடந்த தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் வருவாள். கெஸ்ட்ரல் அவள் புருஷனுடைய பாய்மரப் படகு. சிக்னெட் விரிகுடாவில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மிதவையோடு கட்டிக் கிடந்தது. அடிப்பக்கம் முழுக்கப் பாசியும் சிப்பியும் மண்டிவிட்டன. கரையேற்றிச் சுரண்ட அவள் யாரையும் விடவில்லை.

ஊர் அதை வேறு மாதிரி பேசியது. தெற்கே நண்டுக்கூடை போடப் போன ஹார்வி திரும்பவில்லை. புரூனி தீவுக்கு அப்பால் படகு மட்டும் ஆளில்லாமல் அலைந்துகொண்டிருந்ததை மீன்காரர்கள் பார்த்துக் கட்டியிழுத்து வந்தார்கள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். பாய்கள் இறக்கப்பட்டு ஒழுங்காகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. படகோடு கட்டியிருந்த சிறு தோணி இல்லை. கருவிப் பெட்டியில் சுத்தியலும் இல்லை. போலீஸ்காரர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கடல் கொந்தளிப்பில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கொட்டகையில் ஆப்பிள் பொறுக்கும்போது, கூட வேலை செய்த ஈடித் ஒருநாள் எல்லார் காதிலும் விழச் சொன்னாள்: "சாகப் போறவன் பாயைச் சுருட்டி வச்சுட்டா போவான்? சுத்தியலையும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். எங்கயோ எவளுக்கோ வீடு கட்டிக் குடுத்துட்டு சௌகரியமா இருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னா அழுகல் ஆப்பிள்களை மட்டும் எடுத்து வாளியில் போட்டபடி இருந்தாள். அவளைச் சுட்டது ஈடித்தின் பேச்சல்ல. மகள் கிளெனிஸும் அதைத்தான் நம்பினாள் என்பதுதான். லான்செஸ்டனில் நர்ஸாக இருந்த அவள், வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் சாத்திவிட்டுப் போனவள். தொலைபேசியில் அவன் பேச்சை எடுத்தால், "அம்மா, வேற எதாவது இருந்தா சொல்லு" என்பாள்.

படகில் தண்ணீர் வரும் சத்தம் வெர்னாவுக்கு நன்றாகப் பழகிவிட்டது. பம்பை நிறுத்தியதும் எங்கேயோ மரத்துக்குப் பின்னாலிருந்து அது கேட்கும். யாரோ வாயை மூடிக்கொண்டு பேசுவது போல இருக்கும். முதலில் பயந்தாள். பிறகு அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். கிளெனிஸுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, கூரைத் தகரம் காற்றில் பிய்ந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் வரும் ஓட்டையை அடைத்துவிட்டால் ஹார்வியின் குரலையும் அடைத்துவிட்டது போல ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

அந்த இலையுதிர் காலத்தில் தண்ணீர் திடீரென்று கூடியது. காலையில் இறைத்தால் மாலைக்குள் தரைப்பலகைகள் மிதந்தன. கரையில் படகு பழுதுபார்க்கும் அத்தோல் தன் பட்டறையிலிருந்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே தன் படகை ஓட்டிக்கொண்டு வந்து கெஸ்ட்ரலில் ஏறினார்.

"என்ன பண்றீங்க அத்தோல்?"

"நீ கூப்பிடுவேன்னு நாலு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். இனிமே காத்துக்கிட்டிருந்தா, நீயும் இதோட சேந்து அடிக்குப் போயிடுவ."

அவர் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்பு. மேல்தட்டுலேர்ந்து ஒழுகற மழைத்தண்ணி இல்ல. கீழேருந்துதான் வருது."

இருவருமாகச் சொட்டில்லாமல் இறைத்தார்கள். கந்தலால் துடைத்தார்கள். அத்தோல் பலகை இணைப்புகளின் மேலும் விலாச்சட்டங்களின் மேலும் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவிவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தண்ணி திருடன் மாதிரி, வெர்னா. நொழையற வாசல் ஒண்ணு, அகப்படற எடம் ஒண்ணு. சும்மா பாத்துக்கிட்டு இரு."

கொஞ்ச நேரத்தில் பாய்மரத்தின் அடியில் வெள்ளைப் பொடி கறுத்தது. அந்த ஈரக்கோட்டை விரலால் தொட்டுத் தொட்டு அவர் முன்பக்கமாக ஊர்ந்து போனார். இடதுபுறத்தில், குடிதண்ணீர்த் தொட்டியின் பின்னால் கோடு மறைந்துவிட்டது. தொட்டி சட்டங்களோடு சேர்த்து அடிக்கப்பட்டது. அதைப் பிரிக்காமல் பின்னால் கையை நுழைக்க முடியாது.

"இங்கதான். இதுக்கப்புறம் வெளியிலேருந்து பாத்தாத்தான் உண்டு. கரையேத்தணும்."

தொட்டியின் பின்னால் அந்தச் சத்தம் தொடங்கியிருந்தது.

"உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

அத்தோல் அவள் முகத்தைப் பார்த்தார். "தண்ணிம்மா அது."

"ஆமா. தண்ணிதான்" என்றாள் அவள். பிறகு, "சரி, ஏத்துங்க" என்றாள்.

கடல் ஏற்றம் பெரிதாக இருந்த நாளில், கெஸ்ட்ரலைக் கரைச் சாய்தளத்தின் இரும்புத் தொட்டிலில் ஏற்றி, சங்கிலி போட்டு இழுத்தார்கள். தண்ணீரை விட்டு மேலே வர வர அது சேற்றில் புதைத்து எடுத்த ஏதோ பிராணி போல நாறியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுரண்டியோடு சிப்பிகளை இடித்துத் தள்ளினார்கள். நீர்க்கோட்டுக்கு ஒரு முழம் கீழே, தொட்டி இருந்த இடத்துக்கு நேர் வெளியே, அத்தோலின் சுரண்டி மரத்தில் படும் சத்தம் மாறி உலோகத்தில் உரசியது. அவர் நின்றார். பிறகு கையாலேயே பாசியை வழித்தார்.

இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு ஈயத்தகடு. ஓரமெல்லாம் செம்பு ஆணி. மேலேயும் இரண்டு பக்கத்திலும் நெருக்கமாக, வரிசை தப்பாமல் அடித்திருந்தது. கீழ்ப்பக்கத்தில் பாதிவரைதான் ஆணி. அதற்கப்பால் ஒரே ஒரு ஆணி, பாதி இறங்கி வளைந்து கிடந்தது. அந்த மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது.

"இது நான் அடிச்சதில்ல" என்றார் அத்தோல். "வாங்கும்போதும் இல்ல. அவன் காணாமப் போன வருஷம் அடிப்பக்கம் பெயின்ட் அடிச்சதே நான்தான்."

அத்தோல் நெம்புளியால் தகட்டைப் பெயர்த்தார். உள்ளே பலகையில் நீளமாக ஒரு பிளவு. மிதந்து வந்த மரக்கட்டை ஏதாவது மோதியிருக்க வேண்டும். பிளவுக்குள் கிரீஸ் பூசி அடைத்திருந்த துணியை அவர் உளியால் இழுத்தார். கறுப்பாக வந்தது. வெர்னா அதை வாங்கி வாளித் தண்ணீரில் கசக்கினாள். கிரீஸ் போகவில்லை. ஆனால் ஒரு ஓரத்தில் பச்சை தெரிந்தது. பச்சைக் கம்பளி நூல். முறுக்குக் கயிறு போலப் போட்ட பின்னல். அதில் ஒரு வரிசை தப்பிப்போய், பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தாள். அவள் கையால் பின்னிய ஸ்வெட்டர்.

அவள் தொட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சகதியில் உட்கார்ந்தாள்.

"உள்ளேருந்து கை போகல" என்றார் அத்தோல் மெல்ல. "அதனால பாயை எறக்கிக் கட்டிட்டு, தோணியில எறங்கிச் சுத்திவந்து, தண்ணிக்குள்ள கைய விட்டு அடிச்சிருக்கான். நல்லாத்தான் அடிச்சிருக்கான். இது இல்லன்னா அன்னிக்கே மூழ்கியிருக்கும்."

"அந்தக் குளிர்ல ஸ்வெட்டரக் கழட்டிட்டு..."

"ஆமா."

"தோணி கவுந்திருக்கும்."

"அப்படித்தான் தோணுது."

அவள் அந்த வளைந்த ஆணியை விரலால் தடவினாள். பிறகு கேட்டாள்: "அவன் கூப்பிட்டிருப்பானா, அத்தோல்? படகு காத்துல தள்ளித் தள்ளிப் போறதப் பாத்துக்கிட்டு?"

அத்தோலுக்குப் பொய் சொல்ல வராது. "அந்தத் தண்ணியில ரொம்ப நேரம் கூப்பிட முடியாதும்மா" என்றார்.

அன்றே கிளெனிஸுக்குத் தொலைபேசி செய்தாள். தகடு, ஆணி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"அம்மா, அந்தப் பச்சை ஸ்வெட்டரா? எனக்குப் பிடிக்காத அந்தப் பச்சையா?"

"அதேதான்."

"நான் வரேன்" என்று கிளெனிஸ் வைத்துவிட்டாள்.

அத்தோல் பிளந்த பலகையை இரண்டு பக்கமும் நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்தார். ஹியூவான் பைன் பலகை ஒன்றைச் சீவிப் பொருத்தினார். இழைப்புச் சுருளிலிருந்து எழுந்த இனித்த எண்ணெய் வாசனை பட்டறையை நிறைத்தது. பலகை இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணிக்கும் கலப்பத்து வேலையைத் தானே செய்வதாக வெர்னா சொன்னாள். அத்தோல் உளியையும் மரச்சுத்தியையும் கொடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் யாரோ கூடவே அடிப்பது போல, மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து எதிரொலி வந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. இரண்டு முறை சுத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு முறையும் மறுபடி எடுத்தாள். பஞ்சின் மேல் சிவப்பு ஈயப் பசை பூசி வழித்துவிட்டு நிமிர்ந்தபோது கிளெனிஸ் வந்து நிற்பதைப் பார்த்தாள். மகளின் கையில் அந்தக் கம்பளித் துண்டு இருந்தது.

ஈடித் ஒரு ஆப்பிள் கேக்கோடு வந்தாள். "வெர்னா, நான் அன்னிக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் கேக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

கெஸ்ட்ரல் தண்ணீரில் இறங்கியது. அத்தோல் உள்ளே மறுபடி சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். மறுநாள் பார்க்கையில் பொடி வெள்ளையாகவே இருந்தது. "ஒரு சொட்டு இல்ல" என்றார் பெருமையாக. வெர்னா தொட்டிப் பலகையில் காதை வைத்துக் கேட்டாள். எதுவும் கேட்கவில்லை. ஊர்ப்பேச்சு அடங்கிவிட்டது, மகள் கிடைத்துவிட்டாள். ஆனால் முன்பு புருஷன் எங்கே என்று தெரியாமல் இருந்தவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கண்ணை மூடினால் ஸ்வெட்டர் இல்லாத அந்த முதுகு, தண்ணீருக்குள் தோள்வரை போன அந்தக் கை.

கிளெனிஸ் அந்தக் கோடையில் பாய் விரித்துப் படகோட்டக் கற்றுக்கொண்டாள். வெர்னாவும் கூடப் போவாள். சுக்கானைப் பிடிப்பாள், சாண்ட்விச் பிரிப்பாள், சிரிக்கவும் செய்வாள். ஆனால் புரூனிக்கு அப்பால் போனதும் வலப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அந்தத் தகடு இருந்த இடப்பக்கத்துத் தண்ணீரைப் பார்க்கவே மாட்டாள்.

"குளிருதா அம்மா?" என்பாள் மகள்.

"இல்ல. நீ காத்தைப் பாரு" என்பாள் வெர்னா.