இரண்டாம் கட்டிலின் மணி

எண்பத்தொரு வயதில் கதை கட்டிப் பெயர் வாங்க வேண்டிய நிலையில் நான் இல்லை. கொர்பெலா குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கமும் இல்லை. ஒரே ஒரு பொய்யைத் தவிர. அதையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது.

பின்லாந்தின் வடக்கே, ஜனவரி மாதம். என் தம்பி வெய்க்கோவுக்குக் கணையப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து பதினோராம் நாள். பிற்பகல் மூன்று மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. மருத்துவமனை அறையில் இரண்டு கட்டில்கள். இரண்டாவது காலி.

3.10. தம்பியின் வயிற்றிலிருந்து வரும் குழாயில் ஒரு சிவப்புக் கோடு.

எங்கள் வீட்டில் யாரும் மணி அடித்து ஆள் கூப்பிடுவதில்லை. மரம் விழுந்து கை நசுங்கியபோதும் அப்பா தானே வீடு வந்து, காபி குடித்துவிட்டுத்தான் மருத்துவரிடம் போனார். வெய்க்கோ குழாயின் பையைப் போர்வைக்குள் தள்ளினான்.

"விடுண்ணே. ஒரு சொட்டுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?"

நானும் தலையசைத்தேன்.

அப்போது... டிங்.

கதவுக்கு மேல் விளக்கு எரிந்தது. நர்ஸ் மார்யுத் வந்து, யார் அழைத்தது என்று கேட்டாள். யாருமில்லை என்றோம். அணைத்துவிட்டுப் போனாள்.

3.22. டிங்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னோட வெளையாடுறீங்களா?"

"காபி கொண்டாந்தியோன்னு பாத்தேன்" என்று சிரித்தான் வெய்க்கோ. உதடு வெளுத்திருந்தது.

அவள் போனதும் திரும்பினேன். காலிக் கட்டிலின் விரிப்பு ஓரத்தில் குழிந்திருந்தது. யாரோ உட்கார்ந்திருப்பதுபோல்...

ஏலக்காய் ரொட்டி வாசனை.

எங்கள் வீட்டில் எட்டு வருடமாக யாரும் சுடாத ரொட்டி.

3.31.

டிங்.

இம்முறை மார்யுத் நேராகத் தம்பியிடம் வந்தாள். போர்வையை விலக்கினாள்.

பை நிறைய ரத்தம்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கணையத்திலிருந்து கசிந்த நீர் பக்கத்துத் தமனியை அரித்துவிட்டதாம். முதலில் வரும் சிறு கசிவு எச்சரிக்கை. பிறகு உடைத்துக்கொண்டு கொட்டும். தொடை வழியாக மெல்லிய கம்பி செலுத்தி, ஓட்டையை உள்ளிருந்து மூடும் குழல் ஒன்றைப் பொருத்தினார்கள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் கைமீறியிருக்கும் என்றார் மருத்துவர்.

தம்பி பிழைத்தான்.

மறுநாள் மார்யுத் என்னைத் தனியே அழைத்தாள். அழைப்புப் பதிவைப் பார்த்தாளாம்.

"மூணும் ரெண்டாம் கட்டில்லேர்ந்து வந்திருக்கு, ஐயா. ஆனா அதோட பட்டனைப் பழுதுன்னு திங்கக்கிழமையே கழட்டிட்டாங்க. செவுத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு."

இப்போது அந்தப் பொய். எட்டு வருடங்களுக்கு முன், இதே அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இதே அறையில் என் மனைவி ஹில்க்கா இறந்தாள். திடீரென்று நடந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். தம்பியிடமும். அவன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

அவள் குழாயிலும் முதலில் ஒரு சிவப்புக் கோடுதான் வந்தது. பட்டனுக்குக் கை நீட்டினாள்.

"சும்மாயிரு, ஹில்க்கா. அவங்களே வருவாங்க" என்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

மூன்று முறை நீட்டினாள்.

இரண்டாம் கட்டில்.