கொப்பியின் முதற் பக்கம்

அரியமலர் ரீச்சரின் பெறாமகள், முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் இந்த மலருக்காக என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். ஒழுங்கு இல்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. கணினிக்கு இயங்குதளத்தை நாங்களே கட்டத் தொடங்கியது ஏன்.
3. அரியமலர் ரீச்சர் செய்த ஒரே தவறு.
4. கணினி எழும்ப மறுத்த பத்து நாள்கள்.
5. அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை.

அன்று காலை சுருவிலிலிருந்து பஸ் எடுத்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனேன். கையில் வழமையான பிஸ்கற் ரின் இருந்தது. அதற்குள் பொலித்தீனில் சுற்றிய பென் ட்ரைவ். நெடுந்தீவில் இணையம் மெதுவாக இருந்ததால், வேண்டிய கோப்புகளை நான் இங்கே இறக்கி, படகில் அனுப்புவேன். ரீச்சர் வேலையை முடித்துவிட்டு அதே ரின்னில் பென் ட்ரைவைத் திருப்பி அனுப்புவார். விடிய இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்தேன், பதில் இல்லை. சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் சாமான் ஏற்றுகிறவர் ரின்னை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், இது இனி ஆருக்கு?"

"ரீச்சருக்குத்தான், வழமை போலை."

"உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? ரீச்சர் விடிய மோசம் போயிட்டா. நெஞ்சு நோகுதெண்டு சொன்னவவாம். படகு ஒழுங்குபடுத்த முந்தி..."

"அப்ப இதை என்ன செய்யிறது?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக்கூடிய கேள்வியா அது? எனக்கு வேறொன்றும் வரவில்லை.

"நீங்களே கொண்டுவாங்கோவன். ஏறுங்கோ."

நான் கடலுக்குப் பயந்தவன். ஒரே பாடசாலையில் நான் இரசாயனமும் அவர் கணிதமும் படிப்பித்த காலத்திலும், ஓய்வு பெற்று அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும், ஒரு தடவைகூட நெடுந்தீவுக்குப் போனதில்லை. அன்று போனேன். கச்சான் காற்றில் படகு ஆடியது. ரின்னை இரண்டு கையாலும் பிடித்தபடி வழி முழுக்க வாந்தி எடுத்தேன்.

ரீச்சருக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று பலர் கேட்டார்கள். கணித ஆசிரியர்கள் நெடுந்தீவில் நெடுநாள் நிற்பதில்லை. வருவார்கள், மாற்றல் எடுத்துப் போவார்கள். அதனால் சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதப் பாடங்கள் முழுவதையும் ரீச்சர் தன் குரலிலும் கைப்படங்களிலும் பதிவு செய்தார். "மாற்றல் எடுக்காத ரீச்சர் இந்தப் பெட்டிதான், மாஸ்டர்" என்பார். வாசிகசாலையில் இருந்த கணினியோ மிகப் பழையது. அதில் புதிய இயங்குதளங்கள் ஓடவில்லை. லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசமானது. கட்டி முடித்ததாகவும் கிடைக்கும், மூலநிரல்களை எடுத்து ஒவ்வொரு துண்டாக நாமே கட்டவும் செய்யலாம். முடித்ததை எடுப்போமே என்று நான் சொன்னேன்.

"பூட்டின பெட்டியைத் தந்து 'ஓடுது' எண்டால் நான் நம்பமாட்டன். எந்த ஆணி எங்கை அடிச்சது எண்டு தெரிஞ்சால்தான் கழண்டால் திருப்பி அடிக்கலாம்."

பாடங்கள் இருக்கும் வன்தட்டில் கைவைக்கப் பயந்து, என் பழைய கணினியின் தட்டைக் கழற்றி அனுப்பினேன். இரண்டும் ஒரே கொள்ளளவு. பாடங்கள் இருந்த தட்டைப் போலவே இதையும் இரண்டு பிரிவுகளாகப் பிரித்தோம். அவருக்குச் சீனி வியாதியால் கண் மங்கல். திரையில் பெரிய எழுத்தை வாசிப்பார், கையெழுத்தை வாசிக்க ஏலாது. எனவே அவர் தொலைபேசியில் சொல்வதை நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வேன். "நீங்கள்தான் என்ர கொப்பி" என்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இனி மூன்றாவது. என் தட்டின் இரண்டாம் பிரிவை வெறுமையாக்கி அதில் கட்டத் தொடங்க வேண்டும். கணினி தன் தட்டுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வைக்கும். அன்று நடந்த பேச்சு எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"மாஸ்டர், உங்கட தட்டு எது?"

கொப்பியைப் பார்த்தேன். "பி, ரீச்சர்."

"வடிவாப் பாருங்கோ."

"பி தான். இரண்டாம் பிரிவு."

"இதிலை ஏற்கெனவே ஏதோ கிடக்காம். அழிக்கவோ எண்டு கேக்குது."

"என்ர பழைய குப்பையள் கிடக்கும். அழியுங்கோ."

அழிந்தது பாடங்கள். அட்சரகணிதம், கோணங்களும் முக்கோணிகளும் வரும் கேத்திரகணிதம், எல்லாம். கண் மங்கலில் அவர் வேறு எழுத்தை அழுத்திவிட்டார், அல்லது தட்டுகளின் வயர்களை இடம்மாறிக் கொழுவிவிட்டார் என்று நினைத்தேன். அவரும் "என்ர கைதான், மாஸ்டர்" என்றார். மீட்கும் மென்பொருள்களை ஒரு மாதம் ஓடவிட்டோம். நான் வழிமுறையை வாசிப்பேன், அவர் தட்டச்சுவார், இருவரும் காத்திருப்போம். கிடைத்தது ஒரேயொரு துண்டு. அதில் ரீச்சரின் குரல், "அப்ப இந்தக் கோணம்..." என்று தொடங்கி நின்றுவிடுகிறது.

வாசிகசாலையில் ஒரு தகப்பன், "படிச்ச ஆக்களே அழிச்சுப்போட்டால் எங்கட பிள்ளையள் ஆரிட்டைப் போறது?" என்று கேட்டாராம். ரீச்சர், "அழிறப்பர் என்ர கையிலைதான் இருந்தது, அண்ணை. திருப்பி எழுதுறன்" என்றாராம். நானும் என் பங்குக்கு அவரைத் தேற்றினேன். "மனிசருக்குத் தவறு வரும்தானே, ரீச்சர். மனசிலை வைச்சிருக்காதேங்கோ" என்றேன். "ஓம், மாஸ்டர்" என்றார்.

அவர் முதலாம் பாடத்திலிருந்து மறுபடி பதிவு செய்யத் தொடங்கினார். கட்டும் வேலையும் நடந்தது. தட்டுகளின் எழுத்துகளைப் புதுப் பக்கத்தில் புதிதாக எழுதிக்கொண்டேன். இம்முறை என் தட்டு ஏ என்று வந்தது. கொழுவலைத் திருத்தியதால் வந்த மாற்றம் என்று எண்ணி, மேலே யோசிக்கவில்லை.

கட்டி முடித்துக் கணினியைப் போட்டால் அது எழும்பவில்லை. தான் தங்கியிருக்கும் பிரிவையே காணவில்லை என்று சொல்லி நின்றது. காரணங்களை இலக்கமிட்டு எழுதினேன்: இயங்குதளத்தின் கருநிரலில் தட்டை அறியும் பகுதி விடுபட்டிருக்கலாம், பிரிவின் வகை மாறியிருக்கலாம், அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை இருக்கலாம். ஒவ்வொன்றையும் சோதிக்க அந்தக் கணினிக்கு அரை நாள் பிடிக்கும். இடையில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து நாள் போயிற்று. என் பட்டியலில் காரணங்கள் தீர்ந்தன. பதினோராம் நாள் அவரே அழைத்தார்.

"மாஸ்டர், எழும்பிட்டுது!"

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. ரின்னுக்குள்ள வைச்சு அனுப்ப எண்டு உங்கட பென் ட்ரைவைக் கழட்டினனான். பத்து நாளாப் பேய் பிடிச்சிருந்தது உங்கட சாமான்தான்!"

பெரிதாகச் சிரித்தார். அந்தக் கணினியில் பென் ட்ரைவ் கொழுவியிருந்தால் அதுதான் ஏ. மற்றத் தட்டுகள் ஒவ்வொன்றும் ஓரெழுத்துப் பின்னால் தள்ளிப்போகும். கழற்றினால் முன்னுக்கு வரும். பிறகு சிரிப்பு நின்றது.

"மாஸ்டர், கொப்பியில முதற் பக்கம் எழுதேக்கை இது கொழுவிக் கிடந்ததோ?"

"நினைவில்லை, ரீச்சர். பார்த்துச் சொல்லட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். விடுங்கோ."

பிறகு, "இனி எழுத்தைச் சொல்லித் தட்டைக் கூப்பிட வேண்டாம். ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்த இலக்கம் ஒண்டு இருக்கு, அதாலை எழுதுவம். வகுப்பிலை இண்டைக்கு முன் வாங்கில இருக்கிறவன் நாளைக்குப் பின் வாங்கில இருப்பான். இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறொருத்தன் எழும்புவான். அடியும் அவனுக்குத்தான் விழும்" என்றார். அந்த நீண்ட இலக்கங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அதன் பிறகு அந்தக் கணினி ஒருநாளும் எழும்ப மறுக்கவில்லை.

செத்தவீட்டன்று வாசிகசாலைக்குப் போய் அதைப் பார்த்தேன். வெள்ளைத் துணியால் மூடி, மேசையில் இருந்தது. அவரின் மாணவி ஒருத்தி எனக்காக அதைப் போட்டுக் காட்டினாள். மறுபதிவில் அட்சரகணிதம் முழுவதும் இருக்கிறது. கடைசிப் பாடம், "அடுத்ததிலை முக்கோணியைப் பார்ப்பம்" என்று முடிகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. "மிச்சத்தை நீங்கள் சொல்லுவீங்களோ, சேர்?" என்று கேட்டாள். வீடு திரும்பி இரண்டு தரம் முயன்றேன். பிள்ளைகள் எங்கே குழம்புவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது ரீச்சருக்குத்தான் தெரியும். அந்தக் கணினி நன்றாக ஓடுகிறது. அதில் கேத்திரகணிதம் இல்லை. என்னால் ஒன்றும் செய்ய ஏலவில்லை.

என்னிடம் இருப்பவை மூன்று: ரின், "அப்ப இந்தக் கோணம்" என்ற குரல், கொப்பி.

பாடங்கள் அழிந்த திகதியை இங்கே சரியாகக் குறிப்பிடலாம் என்று நேற்றுக் கொப்பியைத் திறந்தேன். அழிவுக்குப் பிறகு முதற் பக்கத்தை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. என் கையெழுத்தில், வரி வரியாக, இப்படி இருக்கிறது:

ஏ – பென் ட்ரைவ்.
பி – எனது தட்டு.
சி – ரீச்சரின் பாடங்கள்.

அழித்த அன்று பென் ட்ரைவ் என் வீட்டில், என் மேசையில் இருந்தது. அது இல்லாதபோது பி என்பது பாடங்கள். அவர் சரியான எழுத்தைத்தான் அழுத்தினார். நான் சொன்னதைத்தான் அழுத்தினார். "வடிவாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தினார். பதினோராம் நாள் அவருக்கு இது விளங்கிவிட்டது. நான் கொப்பியைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் "விடுங்கோ" என்றார். நானோ அவரை மன்னித்த நினைப்பில் இருந்தேன்.

ஆகவே மேலே மூன்றாவதாக நான் எழுதியது பிழை. நான் முன்பே கொடுத்துவிட்ட இக்கட்டுரையின் முதற் பக்கம் முந்தாநாளே அச்சாகிவிட்டது, இனி மாற்ற ஏலாது என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களைத் தயவாகக் கேட்கிறேன். பேனை ஒன்றை எடுத்து, அங்கே ரீச்சரின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.