இருவருக்கும் ஒரே ஒதுக்கீடு

குற்றாலத்து அருவியிலிருந்து வெளியே வந்த மனிதருக்கு வேர்த்தது. இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது அதுதான். சாரல் காற்றில் மற்றவர்கள் பற்கள் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் நெற்றியைத் துடைக்கத் துடைக்க, அதே இடத்தில் மறுபடியும் முத்து முத்தாக அரும்பியது. "என்ன அண்ணாச்சி, உள்ள வெந்நீரா விழுது?" என்று கேட்டேன். எல்லாவற்றையும் வேடிக்கையாக்குகிற வாய் எனக்கு. அவர் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

தென்காசியில் எங்கள் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கையில்தான் ஒதுக்கீடு இருந்தது. பெட்ரோலுக்கு இவ்வளவு, பேப்பருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் வருஷத்துக்கு ஒருமுறை தருகிற பணம். அதை ஒருவன் முதலிலேயே தின்று தீர்த்தால் கடைசியில் வருகிறவன் வெறுங்கையோடு நிற்பான் என்பது அவருடைய வாழ்நாள் கவலை. ஒரு பேனா கேட்டால்கூட என்னை ஏற இறங்கப் பார்ப்பார். "மார்ச் வரைக்கும் கெடக்குலே. பொறவு வாரவன் எதுல எழுதுவான்?" என்பார். நான் எழுதுகிற எழுத்துக்குப் பென்சிலே அதிகம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதையும் மறுக்க முடியாது.

ஓய்வுக்குப் பிறகும் சீசன் தொடங்கியதும் எனக்குப் போன் வரும். அவரையும் அவர் மனைவியையும் என் பழைய காரில் குற்றாலத்துக்கு அழைத்துப் போவேன். அவர் மனைவியை மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. இப்போதைக்கு மாத்திரை போதும், ஆனால் என்றைக்காவது ஆபரேஷன் கட்டாயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மதினி ஓரமாக நின்று காலை மட்டும் நனைத்துக்கொள்வார். அருவிக்குள் போவது அண்ணாச்சி மட்டும்தான். ஆக, எங்கள் மூவரில் இதய நோயாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

காரின் பின்சீட்டில் அவரைச் சாய்த்து, பக்கத்தில் மதினியை உட்காரவைத்து, தென்காசிக்குத் திருப்பினேன். பென்ஷன்காரர்களின் அரசு மருத்துவக் காப்பீட்டை ஏற்கிற ஆஸ்பத்திரி ஒன்று அங்கே உண்டு. அந்தக் காப்பீட்டைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாதாமாதம் பிடிக்கிறார்கள். என் சம்பளத்திலும் அதே மாதிரி ஒன்றைப் பிடிக்கிறார்கள். அதற்குக் கொடுத்த கார்டை, பர்ஸ் கொஞ்சம் தடிமனாகத் தெரியட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

"செங்கோட்டைப் பக்கம் வண்டிய விடுலே. மலைக்கு அந்தப் பக்கம் போயிருவோம்" என்றார் பின்னாலிருந்து.

எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. பெரிய வியாதி என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் யோசிக்காமல் கேரளாவுக்குத்தான் வண்டி பிடிப்பார்கள். அங்கே டாக்டர்களுக்குக் கைராசி என்று ஒரு நம்பிக்கை. என் குடல்வாலையே அங்கேதான் எடுத்தார்கள். டாக்டர் மலையாளத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எதெதற்குச் சம்மதித்தேன் என்பது இன்றுவரை தெரியாது.

அவர் சொன்ன வழியிலேயே ஓட்டி, செங்கோட்டையை நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "அண்ணாச்சி, அங்கன நம்ம கார்டு செல்லாதே. அந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்லயே கெடையாதே" என்றேன்.

"தெரியும்லே. அதுக்குத்தான் போவச் சொல்லுதேன்."

வலியில் உளறுகிறார் என்று நினைத்தேன். உளறவில்லை. மூச்சு வாங்க வாங்க, அலுவலகத்தில் எனக்குப் பாடம் எடுக்கிற அதே குரலில் சொன்னார். காப்பீட்டில் பென்ஷன்காரரும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்கு. சில வருஷம் கொண்ட ஒரு சுற்றுக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே தொகை. முதலில் படுக்கிறவர் எடுத்ததுபோக மீதிதான் அடுத்தவருக்கு. "அவளுக்கு வால்வு இருக்கு. நான் இதுல கை வச்சா அவளுக்கு என்னலே மிஞ்சும்? கார்டு செல்லாத எடத்துல என் செலவ நானே பாத்துக்கிடுதேன்."

இது இன்றைக்கு வந்த வலியில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சில மாதங்களாகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைத்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். உடனே ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொன்னாராம். சரி என்று வீட்டுக்கு வந்து, பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போய், சந்தையில் காய் வாங்கி, இதோ எங்களோடு அருவிக்கும் வந்துவிட்டார். ஒதுக்கீட்டைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். அலுவலக ஜீப்புக்கு டயர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது போல, தன் நெஞ்சைத் தள்ளிப்போட்டிருக்கிறார்.

 கண்ணாடியில் பார்த்தேன். அவர் நெஞ்சை நீவிக்கொண்டிருந்த மதினியின் கை அப்படியே நின்றிருந்தது.

"ஏங்க, நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில படுத்தா பக்கத்துல யாரு இருப்பா?" என்று கேட்டார் மதினி. குரலில் கோபமே இல்லை. "அதுக்கும் ஏதாவது ஒதுக்கி வச்சிருக்கீங்களா?"

பிறகு மதினி என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, வண்டியத் திருப்புங்க."

"ஏலே, திருப்பாத" என்றார் அவர்.

வேலை செய் என்பதைத் தவிர, அவர் சொன்ன எதையும் அதுவரை நான் மீறியதில்லை. நடு ரோட்டில் அப்படியே வளைத்தேன். எதிரே மரம் ஏற்றி வந்த லாரிக்காரர் தலையை நீட்டி மலையாளத்தில் என்னைத் திட்டினார். அந்த ஒருநாள் மலையாளம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் கார்டை மதினிதான் மேசையில் வைத்தார். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். மலை ஏறியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அந்தக் காப்பீட்டின் விதிகளை முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இருவருக்கும் ஒரே தொகைதான். காலம் முடிந்தால் மிச்சம் அடுத்த சுற்றுக்கு வராது என்பதும் இருந்தது. மதினியின் ஆபரேஷனோ, பின்னால் பார்த்தால், அந்தச் சுற்றில் வரவே இல்லை. அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்த பணம் யாருக்கும் ஆகாமல் காலாவதியாகியிருக்கும். இதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அதன்பின் சில வருஷம் நன்றாகவே இருந்தார். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. இப்போது மதினிக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது, அதில் காப்பீட்டுக்கும் பிடிக்கிறார்கள். போன சீசனில் டாக்டர் இனித் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட, நான்தான் அழைத்துப் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறார். என்னை உலுக்கியது அவரைச் சேர்த்த அன்றைக்கு நடந்தது. காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு, "இது புதுச் சுற்று, முழுத் தொகையும் அப்படியே இருக்கும்மா. உங்க ஒருத்தருக்குத்தான்" என்றாள்.

மதினி என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா தம்பி, அவுக நெனச்ச மாதிரியே முழுசும் எனக்கே வந்துட்டு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.