ஒரு சாண் பகாசூரன்

அமலநாதன் செய்த பகாசூரன் ஒரு சாண் உயரம்தான். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அவன் முழங்காலைத் தொடும். ஆனாலும் முதல்முறை பார்க்கிறவர்கள் அரையடி பின்னால் நகர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

"ராட்சசனை ஒசரமா செய்யணும்னு எவன் சொன்னான்?" என்பார் அவர். "தலையைச் சின்னதா வெய்யி. கையையும் பாதத்தையும் பெரிசா வெய்யி. மிச்சத்தைப் பாக்கறவன் கண்ணே வளத்துக்கும்."

கணியம்பாடியில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. வேலூரில் கிறிஸ்தவச் சிலைகள் செய்யும் ஒரு சுரூபப் பட்டறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். பிளாஸ்டர் மாவில் வார்த்த புனிதர்களுக்குக் கண் எழுதுவது அவர் வேலை. அச்சிலிருந்து எடுக்கும்போது உடைந்தவை பட்டறையின் பின்பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எழுபத்தெட்டில், தை கடைசியில் தவக்காலம் தொடங்குவதற்கு முன், அந்த மூட்டைகளில் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்.

"பதினெட்டு வருசமா அதே இருவது மொகம்" என்றாராம் முதலாளியிடம். "எனக்குன்னு ஒரு மொகம் செய்யணும்."

முதலாளி நல்ல மனிதர். "வைகாசி முடியிறவரைக்கும் உன் எடத்துல ஆள் போடமாட்டேன். சரிப்படலைன்னா வந்துடு" என்று சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தையை அமலநாதன் மறந்துவிட்டார். அவர் மனைவி ஜோசபின் மறக்கவில்லை.

இரண்டடிச் சுரூபத்தின் உள்ளங்கை, கிறிஸ்துமஸ் குடில் செட்டில் வரும் இடையனின் குட்டித் தலை, வேறெதிலோ உடைந்த பாதம். இவற்றுக்கு நடுவே காகிதக் கூழும் மரத்தூளும் சேர்ந்த உடம்பு. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. மலையிலிருந்து புளி இறங்கும் மாதங்களில் கொட்டைக்கா பஞ்சம்?

"அந்தோணியார் கையை எடுத்து அசுரனுக்கு வெக்கிறீங்களே, அடுக்குமா?" என்று ஜோசபின் ஒருநாள் கேட்டார்.

"சாமியார் மந்திரிக்காத கைடி. இன்னும் அந்தோணியாருக்கே சேரல. யாருக்கு வேணா வெக்கலாம்."

படவேட்டுப் பக்கம் ஓர் ஊரில் வைகாசிதோறும் பாரதம் படிப்பார்கள். பகாசூரன் கதை நடக்கும் நாளில் கட்டைவண்டி நிறையச் சோறு ஏற்றி, பீமன் வேடக்காரர் அதன்மேல் உட்கார்ந்து தின்றுகொண்டே தெருத்தெருவாகப் போவார். மலையிலிருந்தும் சனம் இறங்கிவரும். கிலுகிலுப்பை விற்பார்கள், காகித விசிறி விற்பார்கள். பகாசூரனை விற்க இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அமலநாதன் கணக்குப் போட்டது அதைத்தான். நாற்பது பகாசூரன் செய்தார். அந்த ஒரு நாள் போனால் அவை வெறும் கூழும் மாவும்தான். அவரும் திங்கட்கிழமை வேலூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

கோயில் மதிலோரம் கோணிப்பை விரித்து நாற்பதையும் நிறுத்தினார். ஜோசபின் கூடவே உட்கார்ந்தார். சுமை தூக்கிவந்த நான் பின்னால் நின்றேன்.

கூட்டம் வந்தது. பார்த்தது. பிள்ளைகள் கைநீட்டினார்கள். தாய்மார்கள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பதினோரு மணிவரை ஒன்றுகூடப் போகவில்லை.

"முதலாளி இன்னும் ஆள் போடலையாம். வேலூர் பஸ் கண்டக்டர் கோபாலு காலையில சொன்னாரு" என்றார் ஜோசபின், யாரையும் பார்க்காமல்.

"சோத்து வண்டி கெளம்பறதுக்கு இன்னும் நேரமிருக்குது."

புளிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மலைக்காரம்மா வந்து எதிரில் குந்தினார். பாஞ்சாலை என்று பெயர். ஒரு பொம்மையை எடுத்தார், திருப்பினார், அதன் பாதத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ஏம்பா, நல்லாத்தான் செஞ்சிகிற. இன்னாத்துக்குக் கண்ணைத் தொறந்து வுட்ட?"

"கண்ணுதான்க்கா இதுல வேலையே. எந்தப் பக்கம் போனாலும் உன்னையே பாப்பான், பாரு."

"அதத்தான் சொல்றேன். சாமிக்குத்தான் கண்ணு தொறப்பாங்க. தொறந்த கண்ணோட அசுரனை எவ வூட்டுக்குள்ள வுடுவா? ராவெல்லாம் அடுப்பாங்கரையில நின்னு என்னையே பாத்துனு இருப்பானா?"

அமலநாதன் கோணிமேல் நின்ற வரிசையைப் பார்த்தார். நாற்பது சோடிக் கண்கள். ஒவ்வொன்றுக்கும் அணில் முடித் தூரிகையால் மூன்று வண்ணம் வைத்திருந்தார். பட்டறையில் அவரைப் போல் கண் எழுத ஆளில்லை. புனிதருக்கு எழுதிய அதே கவனத்தோடு அசுரனுக்கும் எழுதிவிட்டார். அது தப்பாக இருக்கும் என்று தோன்ற அவருக்கு வழியே இல்லை.

மதிலோரம் ஒருவர் தூக்குவாளியிலிருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பச்சைமிளகாயைக் கடித்து, ஒரு மிடறு விழுங்கி, கண்ணை இறுக்க மூடினார். அமலநாதன் அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து தோல் நிறம் குழைத்தார்.

"இன்னா பண்றீங்க?" ஜோசபின் பதறினார். "அத்தினி வேலையும் போச்சே!"

"போவட்டும். தின்னுனு இருக்கிறவன் எதுக்குக் கண்ணத் தொறக்கணும்?"

முதல் பொம்மையின் கண்களை ஒரே இழுப்பில் மூடினார். ஈரத்தின்மேல் கீழ்நோக்கி வளைந்த ஒரு கோடு, கன்னம் உப்பலாகத் தெரிய ஒரு சிறு வளைவு. அவ்வளவுதான். அங்கே நின்றது இப்போது அசுரனாகத் தெரியவில்லை. வாய்நிறையச் சோறு வைத்துக்கொண்டு உலகத்தை மறந்த ஒரு பெரிய ஆள்.

பாஞ்சாலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "அட, எங்க வூட்டுக்காரரு! கறிச்சோறு போட்டா இப்பிடித்தான்."

"எடுத்துனு போக்கா. ஈரம், மொகத்தைத் தொடாத."

"சோத்து நெனப்புல கெடக்கறவன் என்னை எங்க பாக்கப்போறான்? குடு." சத்தமாகவே சொன்னார். காசைக் கோணியில் போட்டுவிட்டு, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

அடுத்த ஒரு மணி நேரம் அமலநாதன் தலைநிமிரவில்லை. ஒரு கை கண்ணை மூடியது, ஒரு கை பொம்மையைக் கொடுத்தது. "எங்களுக்கும் கண்ணை மூடிக் குடு", "எனக்குக் கன்னம் இன்னும் உப்பலா" என்று பெண்கள் கேட்டு வாங்கினார்கள். அவர் கோடு இழுக்க வாகாக ஜோசபின் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். சோற்றுவண்டி தெருமுனையில் திரும்பியபோது கோணியில் நாலுதான் மிச்சம். வண்டிமேலிருந்த பீமன் வேடக்காரர் ஒரு கவளத்தை எங்கள் பக்கம் எறிந்து, "டேய் பகாசூரா, எனக்கும் கொஞ்சம் வையிடா!" என்று கத்தினார். கூட்டம் குலுங்கியது.

சாயங்காலம் வேலூர் பஸ் புளியமரத்தடியில் நின்றது. கண்டக்டர் கோபால் எட்டிப் பார்த்தார். "இன்னா ஜோசபினம்மா, முதலாளிகிட்ட இன்னா சொல்லட்டும்? திங்கக்கெழமை வர்றாரா?"

அமலநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் ஜோசபின் சேலையில் ஒட்டியிருந்த வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"ஆள் போட்டுக்கச் சொல்லுங்க."