பூட்டு இல்லாத சூளை

வேலையிடத்தில் கொத்தனாருக்கு 'முறைப்பு' என்று பட்டப்பெயர். சிமெண்ட் மூட்டை வந்து இறங்கினாலும் முறைப்பார், மேஸ்திரி நல்ல வார்த்தை சொன்னாலும் முறைப்பார். காரணம் இருந்தது. சிரித்த முகத்தோடு வந்து முன்பணம் நீட்டிய ஒருத்தனை நம்பித்தான் அவரும் மனைவியும் செங்கல் சூளையில் வருஷக்கணக்காய் அடிமையாய்க் கிடந்தார்கள். அதற்கப்புறம் யார் பல்லைக் காட்டினாலும் அவருடைய பதில் முறைப்புதான்.

சினிமா டைரக்டரும் சிரித்துக்கொண்டேதான் வந்தான். இவர்கள் கதையைப் படமாக எடுக்கிறானாம். வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனான்.

"இவ்வளவு தலையாட்டுறவன் ஒண்ணையும் காதுல வாங்கியிருக்க மாட்டான்" என்றார் கொத்தனார்.

"உங்களுக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு?" என்றாள் மனைவி.

பிறகு ஒருநாள் போட்டோ எடுக்கவென்று இருவரையும் காரில் கூட்டிப்போனான். போஸ்டரில் 'உண்மைக் கதை' என்று போட்டு, கீழே கொத்தனாரின் முகமாம். வெட்டவெளியில் சூளை செட் போட்டிருந்தார்கள். புகைகூட வந்தது. பக்கத்தில் ஒரு கொட்டகை. கதவில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரு பூட்டு.

"இது எதுக்கு தம்பி?"

"உங்களை உள்ள அடைச்சு வச்சிருந்தாங்கல்ல அண்ணே."

"யாரு அடைச்சா? எங்க கொட்டகைக்குக் கதவே கிடையாது. சாக்குதான் தொங்கும்."

அங்கே பூட்டுக்கு வேலையே இல்லை. குடும்பத்தில் ஒருத்தர் வெளியே போனால் இன்னொருத்தர் சூளையில் இருக்கணும், அவ்வளவுதான் சட்டம். மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போட்ட கையோடு தொழிலாளர் அதிகாரி ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். அதிகாரிகள் சூளையிலிருந்து இவர்களை மீட்க ஜீப்பில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. சூளையில் இவர் அடி வாங்கிக்கொண்டு, அவள் எங்கே போனாள் என்று வாயைத் திறக்காமல் கிடந்தார்.

"சரி, இந்தப் பூட்டை யாரு திறப்பா?"

"ஹீரோ உடைப்பாரு அண்ணே. பத்திரிகைக்காரரா வர்றாரு."

"அப்ப இவ?"

"அக்கா அழுவாங்க. நல்ல சீன் அண்ணே."

கொத்தனார் முறைத்த முறைப்பில் டைரக்டர் குரலைத் தாழ்த்தினான். "பூட்டு இல்லைன்னா, ஏன் ஓடிப்போகலைன்னு தியேட்டர்ல கேப்பாங்க. உங்களுக்குத்தான் அசிங்கம்."

சம்பந்தி வீட்டில்கூட அதைக் கேட்டிருக்கிறார்கள். கொத்தனார் அன்று சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்தார்.

மனைவி அவர் சட்டையை இழுத்தாள். "பூட்டு இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே ஒருத்தனும் உங்களைக் கேக்க மாட்டான்."

"நீ ஆபீஸ் வாசல்ல உக்காந்தது?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். போதாதா?"

"போதாது."

பூட்டைப் பிடித்து இழுத்தார். தெர்மாகோல். கையோடு வந்துவிட்டது. கதவை அகலத் திறந்து வைத்து, வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இப்படி எடு. இவளையும் சேர்த்து எடு. ஏன் ஓடலைன்னு கேக்குறவனுக்கு இவ சொல்லுவா."

"உங்களோட பெரிய ரோதனை" என்று முணுமுணுத்தவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்தாள். "கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன்."

போட்டோக்காரன் டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் செட்டைப் பார்த்தான், கடைசியில் கையைக் காட்டினான். கேமரா 'கிளிக்' என்றது.

"முடிஞ்சுது அண்ணே, எந்திரிங்க."

"மொதல்ல அதைக் கொண்டாந்து காட்டு" என்றார் கொத்தனார். "அவ முழுசா விழுந்திருக்காளான்னு பார்த்துட்டு எந்திரிக்கிறேன். போஸ்டர் ஒட்டுறதுக்கு முன்னாடியும் பார்ப்பேன்."