வலம் வந்த நீலப் பெட்டி

நேற்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. கூட வந்த என் வீட்டுக்காரர் சேமியா ஐஸ் வாங்கி நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைரஸ் ஆராய்ச்சிக்காரி என்று பேர் வாங்கிய என் பிழைப்பே இந்தப் பாதையில் ஒரு ஐஸ் பெட்டியோடுதான் ஆரம்பித்தது என்றால் நம்புவீர்களா?

தொண்ணூறுகளின் கடைசி. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எங்காவது ஒரு குழந்தைக்குத் திடீரென்று கால் விளங்காமல் போனால், அது போலியோவா இல்லையா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குழந்தையின் மலம் வேண்டும், குளிர்ச்சி குறையாமல் வேண்டும். தோளில் பட்டை போட்ட நீலப் பெட்டி, அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் டப்பா. பெண்ணுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கம்மா பேச்சை மாற்றிவிடுவாள், பாவம்.

அடி அண்ணாமலையில் கல்பனா என்ற சின்னக் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டது என்று தகவல் வந்ததும், உள்ளூர்க்காரி என்று என்னை அனுப்பினார்கள். உள்ளூர்க்காரிக்கு அன்றைக்குப் பௌர்ணமி என்பதே மறந்துபோச்சு! ஜீப்பைக் காஞ்சி ரோட்டு முனையிலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. நடந்து போய் டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பாதை முழுக்க ஜனம். முந்தின நாள் கரண்ட் போனதில் என் ஐஸும் அரைகுறையாகத்தான் உறைந்திருந்தது. ஜீப் பக்கத்தில்தான், ஆனால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில்.

கல்பனாவின் அம்மா செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுத்தாப்ல போவாதீங்கம்மா. ஊரே வலம் வருது. எங் கொழந்தையோடத எடுத்துக்குனு நீங்க இடமாப் போனா, அதுக்குக் காலு வருமா?"

"ஐஸ் உருகிடும்மா. அப்புறம் என்னா நோயின்னே தெரியாது."

"சாமிக்குத் தெரியுமில்ல?"

சாமிக்குத் தெரியும், எங்கள் டைரக்டருக்குத் தெரிய வேண்டாமா! ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு எதிரில் நடக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் இந்த ஊர்ப் பெண்தானே. ஜீப்பை வேறு வழியாக ஊருக்குள் கொண்டுவரச் சொல்லி, செல்வியின் வீட்டுக்காரரை டிரைவரிடம் அனுப்பினோம். அவர் எதிர்த்திசையில்தான் ஓடினார். "அவரு போவட்டும். அவருக்குக் காலு நல்லாதான கீது" என்றாள் செல்வி.

அவளும் கல்பனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். குழந்தையின் கால்கள் துணி மாதிரி தொங்கின. அந்தக் காலத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இப்படிச் சூம்பின கால் தொங்கத் தொங்கத் தூக்கிப் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வேண்டிக்கொண்டு வருவார்கள்.

கூட்டமோ என் பெட்டியையே பார்த்தது. "பாலைஸ் இருக்கா?" என்றார் ஒரு பெரியவர்.

"இது விக்கிற ஐஸ் இல்லைங்க."

"அப்புறம் எதுக்கும்மா தூக்கினு சுத்தற? வேண்டுதலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னாள்: "ஆமாங்க."

பாதி வழியில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சி குறைந்துபோயிருந்தது. ஒரு சர்பத் கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கல்பனாவின் காலைப் பார்த்தார், தன் ஐஸ் பாளத்தைப் பார்த்தார். "யாவாரம் என்னா, அடுத்த பௌர்ணமிக்குப் பாத்துக்கலாம்" என்று உடைத்து, பையில் கட்டிப் பெட்டி நிறையக் கொடுத்தார். ஒரு துண்டைக் கல்பனா பிடுங்கிச் சப்பினாள். ஜீப் ஏறும்வரை பெட்டி சில்லென்று இருந்தது.

போலியோ இல்லை என்று முடிவு வந்தது. ஏதோ ஒரு வைரஸைத் துரத்த வந்த எதிர்ப்புச் சக்தி, உடம்பின் நரம்பையே அடித்துவிட்ட கோளாறு. மெல்லச் சரியாகும் என்றார்கள். அப்படியும் ஆகுமா என்று அதன் பின்னால் போனவள்தான், இத்தனை வருஷம் அதே ஆராய்ச்சி. சில மாதம் கழித்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்வி கூப்பிட்டாள். "நடக்குதும்மா! நீங்க வலமாப் போனீங்களே, அதான்!" எதிர்ப்புச் சக்தியைப் பற்றி விளக்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

அந்த எஸ்.டி.டி. பூத் இப்போது இல்லை. சர்பத் கடை இருந்த இடத்தில் லாட்ஜ். போலியோவும் போயே போச்சு. நேற்று ஐஸைச் சப்பிக்கொண்டே பாதையோரம் உட்கார்ந்து பார்த்தேன். நேரமாக ஆக, எத்தனையோ பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் தூக்கம் வந்து அடம் பிடித்த பிள்ளைகள். ஐஸ் வண்டி மணி கேட்டதும் கீழே இறங்கி ஓடின.