ஒரே கையெழுத்தில் இரண்டு கடிதங்கள்

மந்திரி அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

சிட்னியில், பரமட்டாவுக்கு அப்பால் ஒரு சின்ன ரயில் நிலையம், காலை ஏழரை மணி. தேர்தல் வருகிறது. மாநில மந்திரி வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்கிறார். மெல்பேர்ணிலிருந்து வந்திருக்கும் என்னிடம், பக்கத்து ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்யும் என் சித்தப்பா மகள் புஷ்பம் இரண்டு கடிதங்களைக் காட்டுகிறாள். தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம் கேட்டு அவள் எழுதியதற்கு இந்த மந்திரி அனுப்பிய பதில்கள்.

நகரசபைத் தலைவர் நாற்காலியில் இருந்தபோது, பாலம் கட்டுவது மாநில அரசின் வேலை என்று எழுதியிருக்கிறார். மந்திரி நாற்காலிக்கு மாறிய பிறகு, அது நகரசபையின் வேலை என்று எழுதியிருக்கிறார்.

“ஆள் கதிரை மாறிப்போட்டார், அண்ணை. பாலம் மட்டும் எப்பவும் மற்றக் கதிரையின்ரை வேலை,” என்று புஷ்பம் சிரிக்கிறாள்.

போன மாதம் அவளோடு வேலை செய்யும் இத்தாலியப் பெண் தண்டவாளத்தைக் கடக்கும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டாள்.

“நேரை கேக்கப் போறியோ?” என்று கேட்கிறேன்.

“ஓம். வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை.”

மந்திரி கையை நீட்டுகிறார். புஷ்பம் அந்தக் கையில் கடிதங்களின் நகல்களை வைத்து, “எது உண்மை?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். அவர் வாசிக்காமலே மடித்து உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அசல்கள் என் சட்டைப் பையில் இருக்கின்றன, மந்திரி அவர்களே. சனிக்கிழமை நீங்கள் பேசும் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். இரண்டில் எந்தக் கடிதம் பொய் என்று, மேடையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.